உட்காருங்க என்று ஒரு சொல்

கிட்ட வந்து உட்கார் தம்பி. நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள். செப்டம்பர் முடிவதற்குள் மொன்டானாவில் குளிர் எலும்பைத் தொட்டுவிடுகிறது. நீ ஷெரிஃபின் ஆள் என்பது தெரியும். ஆனாலும் ஈரக் காலோடு வந்திருக்கிறாய், முதலில் காப்பியைக் குடி. எட்டு நாளாக நீங்கள் தேடுகிற லைல் பெர்க்விஸ்ட்டின் கதையை முழுசாகச் சொல்கிறேன். படகில் நின்றுகொண்டிருந்தவர் விழுந்துவிட்டார் என்றேன், எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஏன் நின்றுகொண்டிருந்தார் என்று கேட்டவன் நீ ஒருவன்தான்.

முப்பத்தொரு வருஷமாக இந்த ஆற்றில் படகு விடுகிறேன். மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களை முன்னால் ஏற்றி, ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, தூண்டிலை எங்கே வீசலாம் என்று காட்டுவது என் பிழைப்பு. நான் நடுவில் துடுப்போடு இருப்பேன். அதனால் மனிதர்களின் முதுகுதான் எனக்குப் பழக்கம். முகம் மறைப்பதை முதுகு சொல்லிவிடும்.

லைல் மினசோட்டாக்காரர். மனைவி இறந்த வருஷம் முதல்தடவை வந்தார். அதையும் சேர்த்து விடாமல் பதினொரு செப்டம்பர், வருஷத்துக்கு நாலு நாள். மிச்சம் முந்நூற்றறுபத்தொரு நாள் நான் என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் கரையில் இறங்கியதும் என் பெயரை மறந்துவிடுவார்கள். லைல் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போடுவார். பத்தும் அதோ ஜன்னலோரம் இருக்கின்றன.

என்னைக் கேப்டன் என்பார். நான் சொல்லாமல் கையைக்கூட அசைக்கமாட்டார். மீன் கடித்தால் நான் "தூக்குங்க" என்ற பிறகுதான் தூக்குவார், அதுவும் தாமதமாக.

"நீங்க தூக்குறதுக்குள்ள மீனுக்குப் பேரன் பொறந்துடும், லைல்."

"பொறக்கட்டும் கேப்டன். அவனைப் பிடிச்சுக்கலாம்."

மதியத்துக்கு ஊறவைத்த ஹெர்ரிங் மீனை ஜாடியில் கொண்டுவருவார். "ஆத்துல மீன் பிடிக்க வந்துட்டு ஜாடி மீனைத் திங்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்பேன்.

"பிடிச்சதையெல்லாம் விடச் சொல்றவ நீ. வேற எதைத் திங்கிறதாம்?"

அது இந்த ஆற்றின் வழக்கம். பிடித்த மீனை ஈரக் கையால் தாங்கி, அதற்குத் தெம்பு திரும்பும்வரை ஓட்டத்துக்கு எதிராக வைத்திருந்து, விட்டுவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு மீனைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

இந்தத் தடவை நாலாம் நாள், கூழாங்கல் திட்டில் சாப்பிட்டு முடித்து ஜாடியை மூடிக்கொண்டே சொன்னார்.

"அடுத்த வருஷம் வரமாட்டேன் டெல்லா. அரிசோனாவுல மகளோட இருக்கப் போறேன். முட்டி சொன்ன பேச்சு கேக்கல."

அன்றுதான் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நல்லதுதானே. முட்டிக்கு வெயில் ஒத்துக்கும்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். எனக்குக் கோபம் வரவில்லை தம்பி, அதையும் எழுதிக்கொள்.

மீன் பிடிக்க வருகிறவர்கள் நனையாமல் இருக்கப் போடும், மார்புவரை வரும் ரப்பர் உடையின் மேல் இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பார்கள். ஆள் விழுந்தால் உடைக்குள் தண்ணீர் நிறையாமல் காப்பது அதுதான். படகில் ஏற்றும்போதெல்லாம் அதை இழுத்துப் பார்த்து இறுக்குவது என் வேலை. அன்று தளர்த்தினேன்.

"சாப்பிட்ட வயிறு, கொஞ்சம் லேசா இருக்கட்டும்."

"சரி கேப்டன்."

அடுத்த வளைவில், பாறைகளுக்கு நடுவே ஆறு நுரைத்து இறங்கும் இடம் உனக்குத் தெரியும். அங்கே வந்ததும், முன்னால் நிற்பவரிடம் "உட்காருங்க" என்று சொல்ல வேண்டும். நேற்று தொழிலுக்கு வந்தவன்கூட மறக்கமாட்டான். அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் லைல் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார். அன்றும் அதற்காகக் காத்திருந்தார், முதுகில் தெரிந்தது. ஒருமுறை பாதி திரும்பிக்கூடப் பார்த்தார். நான் சொல்லவில்லை. படகின் மூக்கைப் பாறைமேல் சாத்தினேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

தண்ணீரில் அவர் கத்தவில்லை. எந்தப் பக்கம் நீந்துவது என்று நான் சொல்வேன் என என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீளக் கைப்பிடி போட்ட வலை என் காலடியில் கிடந்தது. அதை நான் எடுக்கவில்லை.

கீழ்ப்பாலத்துப் பக்கம் விழுந்தார் என்று நான் காட்டிய இடம் பொய். உன் ஆட்களை அங்கே வீணாக நனைய விடாதே. அந்தப் பாறைக்குக் கீழே முதல் மடுவில் பெரிய மரம் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. அதன் வேர்களுக்கு அடியில் இருக்கிறார். தினமும் காலையில் அங்கே நங்கூரம் போட்டு, இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றுகிறேன். நாலு நாளுக்கு மேல் அவர் தங்கியிருப்பது இதுதான் முதல்தடவை.

வெளியே எடுத்தால் மகளிடம் அனுப்பிவிடுவீர்கள். சட்டம் அதுதான் என்றால் சரி. தொடுகிறவர்களை ஈரக் கையோடு தொடச் சொல்.

காப்பி ஆறுகிறது பார். உனக்கு மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் உண்டு என்று கேள்விப்பட்டேன். உன் வீடு நன்றாக இருக்கட்டும் தம்பி. அடுப்பு அணையாமல் எரியட்டும். உனக்குப் பிரியமானவர்கள் யாரும், எந்தக் காலத்திலும், உன்னை விட்டு எங்கேயும் போகாமல் இருக்கட்டும்.