மூன்றாவது வரிசையில் ஒரு கணவன் மனைவி

எர்லீன்: கொஞ்சம் தள்ளி உக்காரு, வெண்டல். கோட்டு உரசுது.

வெண்டல்: எங்க தள்ளுறது? இந்தப் பக்கம் ஒருத்தர் உக்காந்திருக்காரே.

எர்லீன்: அது கூட்டம் காட்ட வெச்ச காத்தடைச்ச பொம்மை.

வெண்டல்: இருந்தா என்ன, ஒரு மரியாதை வேண்டாமா... காலையிலேருந்து பக்கத்துல இருக்கார். என்னைப் பத்தி ஒரு குறை சொல்லல.

எர்லீன்: பொருத்தமான ஜோடிதான். ஞாயித்துக்கிழமை டிவியில ஃபுட்பால் போட்டா நீயும் இப்படித்தான் இருப்பே. ஊதி உக்கார வெச்ச மாதிரி.

வெண்டல்: ஆரம்பிச்சிட்டியா. பிரிஞ்சு இத்தனை வருஷம் கழிச்சு ஒண்ணா உக்கார வெச்சிருக்காங்க. நல்லா இருக்கியான்னு கேக்கலாம்ல?

எர்லீன்: நல்லா இருக்கியா?

வெண்டல்: வேகுது.

எர்லீன்: எல்லாருக்கும்தான் வேகுது. தெற்குக் கரோலினா ஜூன் வெயில்ல கம்பளிக் கோட்டு, கையுறை, கழுத்துல மஃப்ளர். கேட்டா, படத்துல இது மினசோட்டாவாம். பனிக்காலமாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளாம்.

வெண்டல்: அந்தப் பனியைப் பாத்தியா? காகிதத் துண்டு. இப்பத்தான் ஒண்ணு வாய்க்குள்ள போச்சு. ருசி நீ சுடுற பிஸ்கட் ரொட்டி மாதிரியே...

எர்லீன்: என்னது?

வெண்டல்: மிருதுவா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்.

ஒலிபெருக்கி: எல்லாரும் கவனிங்க, மறுபடி எடுக்கப்போறோம். வேர்வையைத் துடைச்சுக்கங்க, உங்களுக்குக் குளிருது. நம்ம ஆள் பந்தைக் கையில எடுத்துக்கிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டினதும் எழுந்து கத்தணும். மூணாவது வரிசை கணவன் மனைவி... ஐயா, அம்மா, உங்களைத்தான்... நீங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கணும். போன தடவை மாதிரி கை குலுக்கக் கூடாது.

வெண்டல்: கேட்டியா... கணவன் மனைவியாம்.

எர்லீன்: அந்த ஒலிபெருக்கிப் பொண்ணுக்கு என்ன தெரியும்.

வெண்டல்: அதுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியுமே. முன் வரிசையில தபாலாபீஸ் வில்மா திரும்பித் திரும்பிப் பாக்குறா. சாயங்காலத்துக்குள்ள அவளுக்குக் கழுத்து சுளுக்கிக்கும்.

எர்லீன்: சும்மா இரு, ஓட ஆரம்பிச்சிட்டாங்க... எழுந்திரு... வெண்டல், எழுந்திரு...

வெண்டல்: எழுந்துட்டேன்... அய்யோ...

ஒலிபெருக்கி: நிறுத்துங்க. மூணாவது வரிசை... ஐயா, அம்மா அந்தப் பக்கம் இருக்காங்க.

எர்லீன்: யாரைக் கட்டிப்பிடிச்சே?

வெண்டல்: அவசரத்துல முழங்கால் மடங்கிருச்சு. அந்தப் பக்கம் சாஞ்சுட்டேன்.

எர்லீன்: பொம்மையைக் கட்டிப்பிடிச்சு அதோட கன்னத்துல முத்தம் வேற. நான் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, சோளக்கொல்லையில நட்டு வெச்ச மாதிரி நிக்கறேன்.

வெண்டல்: ஒண்ணு சொல்லட்டுமா? அது விலகிப் போகல.

எர்லீன்: உளறாதே. தொப்பியை நேரா வை.

வெண்டல்: சிரிக்கிறே.

எர்லீன்: சிரிக்கல. வெயில். முகம் அப்படிப் போகுது.

வெண்டல்: சரி, படத்துல கதை என்னன்னு யாராவது சொன்னாங்களா?

எர்லீன்: எனக்கு மேக்கப் போட்டுவிட்ட பொண்ணு சொன்னா. அந்தக் காலத்துல ஃபுட்பாலைக் கூலிக்கு ஆடுறவங்களை யாரும் மதிக்க மாட்டாங்களாம். காலேஜ் பசங்க ஆடினா ஊரே திரளுமாம். சுரங்கத்துல, மரக்கடையில வேலை பாத்துட்டு இவங்க ஆடினா காக்கா கூட வராதாம். கூட்டம் சேரணுமேன்னு, போற ஊர்ல எல்லாம் ஆட்டத்துக்கு நடுவுல ஒரு கல்யாணம் நடத்துறாங்களாம். பொய்க் கல்யாணம். கதாநாயகனுக்கும் டீமுக்குச் சமைக்கிறவளுக்கும்.

வெண்டல்: அடப்பாவி. ஊர் ஊரா அதே பொண்ணையா கட்டுறான்?

எர்லீன்: அதே பொண்ணை. அவளுக்கு அவனைக் கண்டாலே ஆகாதாம். அவன் சேத்தோட வந்து மோதிரம் போடுவானாம்.

வெண்டல்: கடைசியில?

எர்லீன்: கடைசியில என்ன, படம்தானே.

வெண்டல்: கதாநாயகனுக்கு வயசு ஆச்சு போல. ஒவ்வொரு தடவை ஓடிட்டும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். நான் ஸ்கூல் டீம்ல இருந்தப்போ...

எர்லீன்: இருந்தே. பெஞ்சுல.

வெண்டல்: பெஞ்சு சூடா இருக்க ஒரு ஆள் வேணும்ல. ஒரே ஒரு தடவை இறக்கிவிட்டாங்க. ஹெல்மெட் திரும்பிக்கிச்சு. காது ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டே ஓடினேன். வேகமாத்தான் ஓடினேன்.

எர்லீன்: ஓடிப்போய் நடுவரைத் தூக்கிப் போட்டே. நான் அப்போ சோடா குடிச்சுக்கிட்டு இருந்தேன். அத்தனையும் மூக்கு வழியா வந்துச்சு.

வெண்டல்: அதைப் பாத்துதானே என்கிட்ட வந்து பேசினே?

எர்லீன்: கண்ணு தெரியுதான்னு கேக்க வந்தேன்.

வெண்டல்: அது இருக்கட்டும், ராய்ஸ் எப்படி இருக்கார்?

எர்லீன்: எந்த ராய்ஸ்?

வெண்டல்: சர்ச்சுல பாடுறவர். ஊருக்கு ஒரே ராய்ஸ்தானே. ஃப்ளோரிடாவுல வீடு வாங்கியிருக்காராம். தனியாப் போக மாட்டாராம்... முடி வெட்டப் போன இடத்துல சொன்னாங்க.

எர்லீன்: ஆமா, கட்டிக்கிட்டுக் கூட வர்றியான்னு கேட்டார்.

வெண்டல்: நீ என்ன சொன்னே?

எர்லீன்: படப்பிடிப்பு முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு.

வெண்டல்: நல்ல மனுஷன். பல்லு எல்லாம் சொந்தப் பல்லு.

எர்லீன்: ஃபுட்பாலும் பாக்க மாட்டார்.

வெண்டல்: அப்போ ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவார்?

எர்லீன்: பேசுவார்.

வெண்டல்: அதானே உனக்கு வேணும்.

எர்லீன்: ம்... நிறுத்தவே மாட்டார்.

வெண்டல்: எர்லீன்... மில்லு மூடினப்புறம் உன்கிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. முன்னல்லாம் இன்னிக்கு தறி நின்னுச்சு, சூப்பர்வைசர் வழுக்கி விழுந்தான்னு ஏதாவது இருக்கும். அப்புறம் என்ன சொல்றது? இன்னிக்கும் சோபாவுலதான் இருந்தேன்னா? டிவி ஓடிச்சுன்னா நான் பேசாம இருக்கறது தப்பாத் தெரியாதுன்னு நெனச்சேன். பாதி நாள் யார் ஆடுறாங்கன்னே எனக்குத் தெரியாது.

எர்லீன்: அது எனக்குத் தெரியும். ஒரு நாள் யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டேன். "ஆமா"ன்னே.

வெண்டல்: அன்னிக்கே ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல.

எர்லீன்: தட்டினா காத்து போயிடும்னு பயந்தேன்.

ஒலிபெருக்கி: தயாரா? மூணாவது வரிசை, இந்தத் தடவை சரியாப் பண்ணிடுவீங்கதானே? ஓடுங்க... எழுந்திருங்க... கத்துங்க...

எர்லீன்: இந்தப் பக்கம்... இந்தப் பக்கம்...

வெண்டல்: தெரியுது, தெரியுது... உன் தொப்பி கண்ணுல குத்துது...

எர்லீன்: பேசாம இரு.

வெண்டல்: வாழ்க்கையில முதல் தடவையா நீ இதைச் சொல்றே.

ஒலிபெருக்கி: நிறுத்துங்க. நல்லா வந்துச்சு, எல்லாரும் உக்காருங்க... மூணாவது வரிசை... அம்மா... ஐயா... நிறுத்தியாச்சு. ஆட்டக்காரங்களே தண்ணி குடிக்கப் போயிட்டாங்க.

எர்லீன்: விடு, வெண்டல்.

வெண்டல்: நீதானே பிடிச்சிருக்கே.

எர்லீன்: கோட்டு பட்டன் மாட்டிக்கிச்சு.

வெண்டல்: எனக்கு ஒண்ணும் மாட்டின மாதிரித் தெரியல.

ஒலிபெருக்கி: அடுத்து கேமராவை அந்தக் கோடிக்கு மாத்துறோம். மூணாவது வரிசை இனி தூரத்துலதான் தெரியும், பொம்மைங்களே போதும். ஐயா, அம்மா, நீங்க வீட்டுக்குப் போகலாம். ரொம்ப நன்றி. கோட்டையும் தொப்பியையும் மட்டும் பொம்மைங்களுக்குப் போட்டுட்டுப் போங்க.

வெண்டல்: கேட்டுச்சா? நமக்குப் பதிலா பொம்மையாம். அதுவும் நம்ம கோட்டையே போட்டுக்கிட்டு.

எர்லீன்: அந்தக் கையை நீட்டு, நான் மாட்டி விடறேன்... உன் கை இல்ல, பொம்மை கை. ஆங்... தொப்பியைக் கொஞ்சம் சாய்ச்சு வை.

வெண்டல்: பாரேன். நம்மளை விட நல்ல ஜோடியா இருக்காங்க. சண்டையே வராது.

எர்லீன்: பேச்சும் வராது.

வெண்டல்: சரி... நீ கிளம்பு. ராய்ஸ் காத்துக்கிட்டு இருப்பார், பதிலுக்கு.

எர்லீன்: அவருக்குப் பதில் சொல்லியாச்சு. முடியாதுன்னு.

வெண்டல்: எப்போ?

எர்லீன்: அவர் கேட்ட அன்னிக்கே.

வெண்டல்: அப்புறம் ஏன் படப்பிடிப்பு முடியட்டும்னே?

எர்லீன்: உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு தோணுச்சு. நல்லாவே போச்சு.

வெண்டல்: நானும் ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது.

எர்லீன்: சொல்லு.

வெண்டல்: நான் இதுல நடிக்க வரல. பேரே குடுக்கல. நீ வர்றேன்னு வில்மா சொன்னா. வேலிக்கு வெளிய நின்னு உன்னை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். திடீர்னு அந்த ஒலிபெருக்கிப் பொண்ணு வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், கோட்டை மாட்டி உன் பக்கத்துல உக்கார வெச்சிடுச்சு. வேற யாரோன்னு நெனச்சிடுச்சு போல. சொன்னா வெளிய அனுப்பிடுவாங்களேன்னு நான் வாயே திறக்கல.

எர்லீன்: வேற யாரோன்னு நெனைக்கல. வேலியோரம் நீ எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நின்னே. நான்தான் அந்தப் பொண்ணுகிட்ட உன்னைப் போய்க் கூட்டிட்டு வரச் சொன்னேன். அவர் யாருன்னு கேட்டுச்சு... என் வீட்டுக்காரர்னு சொன்னேன்.