வாய் பொருந்தாத வசனம்

— நானும் உங்கள மாதிரி ஒரு மனுஷிதான்.

— இல்லக்கா. ஸ்கிரீன்ல அவங்க வாய் இன்னும் ஓடிட்டே இருக்கு, நீங்க முடிச்சிட்டீங்க. இன்னொரு தடவ போலாமா? கொஞ்சம் இழுத்துப் பேசுங்க.

— இழுத்தா அழுகாச்சி ஆயிடும், ஒலிக்காரரே. அழக் கூடாதுன்னு டைரக்டர் சொல்லிட்டுப் போயிருக்காரு. மூக்கால பேசணும், ஆனா தியேட்டர்ல கடைசி வரிசைக்கும் புரியணும். கெஞ்சணும், அழக் கூடாது. நான் ஒண்ணு சொல்லட்டா? நான் நாய்க்குக்கூட டப்பிங் பேசியிருக்கேன். அதுகூட ஒழுங்கா நேரத்துக்கு வாய மூடிடும்.

— சின்ன விஷயம்தான்க்கா. இந்த ஒரு ஷாட்ட முடிச்சிட்டா உங்க வேலை முடிஞ்சுது. ஊரே சேந்து அந்தப் பொண்ணத் தொரத்துற சீன். படமே இதுலதான் நிக்குதுன்னு சொல்றாங்க. போட்டுக் காட்டினப்ப தயாரிப்பாளர் கர்சீப்ப எடுத்துட்டாராம்.

— எடுத்தாரு, தொடச்சாரு, அப்புறம்தானே இவ பேசறது ஒருத்தருக்கும் புரியாது, வேற குரல் போடுங்கன்னாரு. சரி, ஓட்டு. நானும் உங்கள மாதிரி ஒரு மனுஷிதான். என்னை... ம்ஹூம். பாரு, அந்த எடத்துல அவ உதட்டை மூடவே இல்ல. நான் மூடறேன். அவ மூடற எடத்துல எனக்கு எழுத்தே இல்ல.

— அக்கா, ஒரு நிமிஷம். கதவுகிட்ட யாரோ நிக்கறாங்க. என்னம்மா, யாரு வேணும்? இங்க ரெக்கார்டிங் போயிட்டிருக்கு. ஆபீஸ் கீழ.

— தெரியும் தம்பி. கீழ கேட்டுட்டுத்தான் வந்தேன்.

— என்ன?

— கீழ கேட்டேன். மேல போகச் சொன்னாங்க.

— அக்கா, இவங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல. வாட்ச்மேனக் கூப்பிடட்டா?

— யாரையும் கூப்பிட வேணாம். அவங்க மாஸ்க்கு மேல தெரியற கண்ணப் பாரு. அப்புறம் உன் ஸ்கிரீனப் பாரு.

— அடடா. மன்னிச்சிடுங்க மேடம். நாள் பூரா உங்க மூஞ்சியத்தான் முன்னாடி வெச்சுட்டு உக்காந்திருக்கேன். நேர்ல பாத்தா தெரியல.

— பஸ்ல வரும்போது மாஸ்க் போட்டுக்குவேன். இருங்க, கழட்டிடறேன்.

— வாம்மா, உள்ள வா. இந்த நாற்காலில உக்காரு. நான்தான் உனக்குக் குரல் குடுக்கறவ. சொல்ல வேண்டியது நெறைய இருக்கும் உனக்கு. சண்டை போடணும்னா போடு. நான் கேட்டுக்கறேன்.

— சண்டை எல்லாம் இல்லக்கா. என் குரல் யாரு கைக்குப் போகுதுன்னு பாக்கலாம்னு வந்தேன்.

— என்னக்கா சொல்றாங்க?

— அவ குரல் யாரு கைக்குப் போகுதுன்னு பாக்க வந்தாளாம். நல்லா காது குடுத்துக் கேளு, புரியும். ஏம்மா, நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. உதட்டைத் தெச்சிருக்காங்க இல்ல? அப்புறமும் ஏன் இப்படி?

— பொறக்கும்போதே பிளந்திருந்த உதட்டைக் கைக்குழந்தையா இருக்கும்போதே தெச்சிட்டாங்க. உள்ள, மேலண்ணத்துல ஒரு ஓட்டை இருக்கு. அதை யாரும் பாக்கல. பேசினா காத்து மூக்கு வழியா ஓடிடும். சில வார்த்தை நல்லா வரும். அம்மான்னா வரும், மாமான்னா வரும். சில வார்த்தை பக்கத்துலயே வராது. எங்க ஸ்டாப்போட பேரு எனக்கு வராது. அடுத்த ஸ்டாப்போட பேரு வரும். அதச் சொல்லி டிக்கெட் வாங்கி, அங்க போய் இறங்கி, திரும்ப நடந்து வருவேன்.

— தினமுமா?

— தினமும்தான். நல்லதுதானே, நடந்தா உடம்புக்கு நல்லது.

— இது எனக்குப் புரிஞ்சுதுக்கா. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னாங்க.

— பலே. எங்க வேலை பாக்கறேம்மா?

— ஆஸ்பத்திரில துணி வெளுக்கற எடத்துல. பெட்ஷீட்டு, தலகாணி உறை, ஆப்பரேஷன் அங்கி எல்லாம் வரும். பெரிய பெரிய மெஷின். அந்த சத்தத்துல யாரு வாயத் தொறந்தாலும் கேக்காது, எல்லாரும் கையாலதான் பேசிக்கணும். அதனால அங்க எனக்கும் மத்தவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது. சொல்லப் போனா என் கைதான் நல்லா பேசும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான்தான் கத்துக் குடுப்பேன்.

— அங்கதான் டைரக்டர் உன்னைப் பாத்தாரா?

— ஆமா. அவரோட அப்பாவ அங்க சேத்திருந்தாங்க. வராந்தால என்னப் பாத்துட்டுப் பின்னாடியே வந்தாரு. எங்க வீட்டுக்கே வந்து அக்காகிட்டப் பேசினாரு. உங்க தங்கச்சி மாதிரி ஆளுங்கள இந்த ஜனம் எப்படி நடத்துதுன்னு நான் படமா எடுக்கறேன், அதுல நடிக்கறதுக்கு அழகான ஒரு நடிகைக்கு இந்த மாதிரி பொய் உதடு ஒட்டிக் கூட்டிட்டு வந்தா அது எனக்கே அசிங்கம்னு சொன்னாரு. எங்கக்கா அழுதுட்டா. எனக்கும் அவரைப் பிடிச்சுது. நான் பேசினா, புரியலன்னா புரியலன்னு சொல்லித் திரும்பக் கேப்பாரு. முக்காவாசிப் பேரு கேக்க மாட்டாங்க, தலைய ஆட்டிடுவாங்க.

— நல்ல மனுஷன்தான். அது எனக்கும் தெரியும்.

— நல்லவருதான். நான் இல்லன்னு சொல்லல.

— அக்கா, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. சின்ன விஷயம்தான். சாயங்காலம் இந்த ரீல் போயாகணும். அவங்க இருக்கட்டும், இருந்து பாக்கட்டும். நாம அந்த ஷாட்ட மட்டும் முடிச்சிடலாமா?

— முடிக்கலாம். நீயும் பாரும்மா. உன் வாய்தான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. தம்பி, கூட்டத்தோட சத்தத்தக் கொறைச்சிட்டு ஓட்டு. நானும் உங்கள மாதிரி ஒரு மனுஷிதான்... என்னை வாழ விடுங்க. பாத்தியா? நான் முடிச்ச அப்புறமும் பேசிட்டே இருக்கே நீ.

— அழகாப் பேசறீங்கக்கா. என்ன மாதிரியே மூக்குல வருது, ஆனா புரியுது. நான் இப்படிப் பேசியிருந்தா எங்க ஸ்டாப்லயே இறங்கியிருப்பேன்.

— அப்படிச் சொல்லாத. எனக்கு என்னமோ போல இருக்கு.

— நெஜமாத்தான் சொல்றேன்.

— அக்கா, ஸ்பாட்ல எடுத்த ஒரிஜினல் சத்தத்த மறுபடியும் கேட்டேன். பிரயோஜனம் இல்ல. ஒரே கூச்சல். அடியில இவங்க குரல் முனகல் மாதிரி கேக்குது. மேடம், அந்த ஷாட்ல பேப்பர்ல இருந்த வசனத்தத்தானே பேசினீங்க? இல்ல, டென்ஷன்ல ரெண்டு வார்த்தை கூடக் கொறைய வந்துடுச்சா? எல்லாருக்கும் வரும், தப்பில்ல.

— அன்னிக்கு முதல்ல எடுத்ததுல பேப்பர்ல இருந்ததத்தான் பேசினேன்.

— அதை ஏன் படத்துல வெக்கல?

— டைரக்டருக்குப் பிடிக்கல. பொய்யா இருக்குன்னு சொன்னாரு. என்னைச் சொல்லல, ஜனங்களச் சொன்னாரு. எங்க தெருவுலதான்க்கா எடுத்தாரு. கூட்டத்துக்கு நடிகருங்கள வெக்காம எங்க தெரு ஆளுங்களையே நிக்க வெச்சாரு. சைக்கிள் கடைக்காரரு, மருந்துக்கடை அண்ணன், மேல்மாடி வாத்தியாரு, எதிர்வீட்டு அக்கா, எல்லாரும் இருந்தாங்க. முதல்ல எல்லாருக்கும் ஒரே வெக்கம். எதிர்வீட்டு அக்கா என் முடியப் பிடிச்சுத் தள்ளணும். பிடிச்சுட்டு, வலிக்குதாம்மான்னு கேட்டாங்க. அதுலயே ஷாட் கெட்டுப் போச்சு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன்.

— அப்புறம்?

— டீ குடுத்தாங்க. குடிச்சுட்டு இருக்கும்போது டைரக்டர் மைக்க எடுத்தாரு. இது படம்னு மறந்துடுங்க, இவங்க இத்தன வருஷமா உங்க தெருவுல இருக்காங்க, இவங்களப் பத்தி மனசுக்குள்ள ஏதாவது நெனச்சிருப்பீங்க, வெளிய சொல்லியிருக்க மாட்டீங்க, இன்னிக்குச் சொல்லுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, இவங்களும் எடுத்துக்க மாட்டாங்க அப்படின்னாரு. என்னப் பாத்தாரு. நான் தலைய ஆட்டினேன். நடிப்புதானே.

— இது முழுக்க எனக்குப் புரிஞ்சுதுக்கா. நீங்க சொல்ல வேணாம். மேலே சொல்லுங்க மேடம்.

— அவரு கேமராவத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு. கீழ நான், என்னச் சுத்தி அவங்க. மருந்துக்கடை அண்ணன்தான் ஆரம்பிச்சாரு. காலைல கடை தொறக்கும்போது இவ மூஞ்சில முழிச்சா அன்னிக்கு யாவாரமே ஆகறதில்லன்னாரு. நல்ல வசனமா இருக்கே, யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு நான் யோசிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அவருக்கு யாருமே எழுதிக் குடுக்கல.

— ம்.

— வாத்தியாரு சொன்னாரு, பிள்ளத்தாச்சிங்க இருக்கற தெருவுல இத வெச்சிருக்கலாமான்னு. எதிர்வீட்டு அக்கா பொண்ணு அப்ப முழுகாம இருந்தா. நான்தான் அவளுக்குத் துணி துவைச்சுக் குடுத்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அந்த அக்கா என் முடியப் பிடிச்சாங்க. இந்தத் தடவ வலிக்குதான்னு கேக்கல.

— பக்கெட்டு ஒண்ணு வந்து உன் மேல விழுதே, அது தெர்மாக்கோல்ல பண்ணினதா? நான் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

— தண்ணி மட்டும்தான் ஊத்தணும்னு பேச்சு. பக்கெட்டும் கூட வந்துடுச்சு. இந்தா பாருங்க, காதுக்குப் பின்னாடி. இப்ப ஆறிடுச்சு.

— தையல் போட்டிருக்கே. ஏம்மா, இதை யாருகிட்டயும் சொல்லலியா நீ?

— யாருகிட்டச் சொல்றது? முடிஞ்சதும் டைரக்டர் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுட்டு அழுதாரு. இந்த மாதிரி ஒரு ஷாட்ட என் வாழ்க்கைல எடுத்ததில்லன்னாரு. அழறவர்கிட்ட என்னத்தச் சொல்ல? தெரு ஆளுங்க எல்லாரும் வந்து என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ராத்திரி எதிர்வீட்டு அக்கா தலைக்குத் தடவ எண்ணெய் கொண்டு வந்தாங்க. நான் நல்லா நடிச்சேனாம்மான்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்னே?

— நல்லா நடிச்சீங்கக்கான்னு சொன்னேன். விடிஞ்சா அதே தெருவுலதானே இருக்கணும்.

— தம்பி, மைக்க ஆஃப் பண்ணு. நான் கொஞ்சம் தண்ணி குடிக்கறேன்.

— ஆஃப்லதான்க்கா இருக்கு. மேடம், நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஷாட்ல நீங்க கையத் தூக்கி மேல பாப்பீங்க இல்ல, கடவுளே உனக்குக் கண்ணில்லயான்னு கேக்கற மாதிரி? அதத்தான் போஸ்டர்ல போடறாங்க. நானே அத எத்தன தடவ ஓட்டிப் பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் மேலெல்லாம் சிலிர்த்துப் போகுது. அதுவும் நீங்களா பண்ணினதா?

— மேல கடவுள் எங்க இருந்தாரு தம்பி? டைரக்டர்தான் மாடில நின்னுட்டு இருந்தாரு.

— அப்படின்னா அந்த நேரத்துல நீ பேசினது பேப்பர்ல இருக்கறது இல்ல. அதனாலதான் எனக்கு வாய் பொருந்தல. நானும் காலைலருந்து என் மேலதான் கோளாறுன்னு நெனச்சுட்டு, தொண்டையப் போட்டுக் கிழிச்சுட்டு இருக்கேன். அப்ப என்னதான் பேசினே? அவங்களத் திட்டினியா? திட்டியிருந்தாச் சொல்லு, நான் நல்லா அழுத்திச் சொல்றேன்.

— திட்டலக்கா.

— சாமி கும்பிட்டீங்களா மேடம்?

— இல்ல தம்பி. ஒரே விஷயத்தத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். அந்த எடத்துல அத்தன பேரு இருந்தாங்க, ஒருத்தருக்கும் புரியல. அப்புறம் படத்தப் போட்டுப் பாத்தாங்க, அதுலயும் யாருக்கும் புரியல. அது என்னன்னு ஒருத்தரும் என்கிட்டக் கேக்கவும் இல்ல. டைரக்டர்கூட. எப்பவும் கேக்கறவரு, அன்னிக்கு மட்டும் கேக்கல.

— இப்ப நாங்க கேக்கறோம். இந்தா, இந்த ஹெட்போன மாட்டிக்கோ. மைக்குக்குக் கிட்ட வா. பயப்படாத, கத்த வேணாம், மெதுவா சொன்னாலே போதும். அது வாங்கிக்கும். ஒலிக்காரரே, அந்த ஷாட்ட ஓட்டு. சத்தம் எதுவும் வேணாம், படம் மட்டும் ஓடட்டும்.

— ஓட்டறேன்க்கா. ரெக்கார்டிங்கும் ஓடுது. மேடம், நீங்க ஸ்கிரீன்ல உங்க வாயைப் பாத்துக்கோங்க. அந்தம்மா முடியப் பிடிக்கறாங்க, பக்கெட்டு வருது, நீங்க மேல பாக்கறீங்க. இப்பச் சொல்லுங்க.

— சார், கேமராவ நிறுத்துங்க. சார், இவங்க நடிக்கல. நிறுத்துங்க சார், இவங்க யாரும் நடிக்கல.