உருளாத பேனா

அந்த பால்பாயிண்ட் பேனாவை இப்படி அழுத்தாதீங்க மகாராஜன் சார், அடித்தாள் வரைக்கும் பதியுது. கைதான் வலிக்கும். மைப்பேனான்னா சும்மா பிடிச்சிருந்தா போதும், அதுபாட்டுக்கு ஓடும். இன்ஸ்பெக்டருக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. ஆனா பேனாக்கடையில வளந்தவன் பாருங்க, கண்ணு அங்கனதான் போகுது. பைய எழுதுங்க, எல்லாத்தையும் சொல்லுதேன்.

என் பேரு குமரகுருபரன். எங்க அப்பா சிவசண்முகம் பிள்ளை, டவுன்ல ரதவீதியில பேனா செஞ்சு வித்தாரு. 'பொருநை'ன்னு பேரு. எபோனைட்டுன்னு ஒரு கெட்டி ரப்பரைக் கடைஞ்சு செய்யுதது. நடுவுல லேசாத் தடிச்சு, ரெண்டு முனையும் குவிஞ்சு, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி இருக்கும். மூடியில ஒரு பக்கம் சின்ன மேடு, அதனால எங்க வச்சாலும் உருளாது. ஒரு காலத்துல இந்த ஜில்லாவுல வாத்தியார், வக்கீல் எல்லார் சட்டைப்பையிலயும் அதுதான். அந்த வடிவம் எங்க அப்பாவோடது. இந்த இடத்துல வேணா அழுத்தி எழுதுங்க.

ஒரு சாயங்காலம் அப்பா குறுக்குத்துறையில ஆத்துக்குள்ள நிக்காரு. காலுல ஒரு கூழாங்கல்லு தட்டுது. எடுத்துப் பாத்தா ரெண்டு பக்கமும் குவிஞ்சு, மேல ஒரு மேடு. மறுநாள் கடைசல் மெஷின்ல உக்காந்து அதே வடிவத்தைக் கடைஞ்சாரு. சென்னையில இருந்து ஸ்னேகான்னு ஒரு பிள்ளை வந்தா, பழைய பேனா வடிவங்களோட வரலாறைப் புஸ்தகமா எழுதுதா. அவகிட்ட இதைச் சொன்னேன். கண்ணு கலங்கிட்டு அந்தப் பிள்ளைக்கு.

என் தங்கச்சி நீலாம்பாள் பக்கத்துல நின்னு சிரிச்சா. புருசன் போனதுல இருந்து அவ என் வீட்டுலதான் இருந்தா, எனக்குப் பொங்கிப் போட்டதும் அவதான். ஸ்னேகா போனப்புறம் சொன்னா, "அண்ணே, அப்பாவுக்குத் தண்ணின்னாலே பயம்லா. படியில உக்காந்து சொம்புல மோந்துல்லா குளிப்பாரு. அந்த வடிவம் ஜோஷுவா சார் வரைஞ்சு குடுத்தது."

ஜோஷுவா சார் பாளையங்கோட்டையில டிராயிங் மாஸ்டரா இருந்தவரு, அப்பாவுக்குச் சிநேகிதர். வகுப்புல சாய்வு மேசையில இருந்து பிள்ளைகளோட பேனா உருண்டு விழுந்து நிப்பு வளையுதேன்னு, உருளாத பேனாவா ஒண்ணு வரைஞ்சாராம். "நம்ம கடையில சாய்வு மேசை ஏதுண்ணே? அப்பா தரையில சம்மணம் போட்டுல்லா எழுதுவாரு, பேனா எங்கன உருண்டு விழும்?"ன்னு கேட்டா. கெட்டிக்காரி சார் அவ, சின்னதுலயே அப்படித்தான்.

நான் கோவப்படல. "போனவங்க போயிட்டாங்க, ஜோஷுவா சாருக்குப் பிள்ளைகுட்டியும் இல்ல. யாருக்கு என்ன நட்டம்?"னு கேட்டேன்.

"அப்பா பேரைக் காப்பாத்துதேன்னு அவரைப் பொய்யராக்காதண்ணே. அந்தப் பிள்ளை மறுபடி வரும்லா, நான் சொல்லத்தான் செய்வேன்"னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

எனக்குன்னு என்ன சார் இருக்கு? கடை போச்சு. கல்யாணம் பண்ணிக்கிடல. அந்தப் பேனாவை உண்டாக்கினவரோட மகன், அது ஒண்ணுதான் என் விலாசம். அதையும் அவ அழிச்சுட்டா நான் யாரு?

புது நிப்புல எண்ணெய்ப்பசை இருக்கும், மை பிடிக்காது. அதனால எங்க கடையில நிப்பை நாக்கு நுனியில வச்சு எடுத்துட்டுத்தான் மையைத் தொடுவோம். அப்பா செய்வாரு, அவரைப் பாத்து நாங்க ரெண்டு பேரும் செஞ்சோம். இப்ப யாரு அப்படிச் செய்யுதா? நானும் அவளுந்தான்.

கல்யாணத்துக்கு அப்பா குடுத்த பொருநை ஒண்ணு அவகிட்ட இருந்தது. நிப்பு மாத்தித் தாண்ணேன்னு முன்னமே குடுத்திருந்தா. மாத்தினேன். முக்கூடல்ல எங்க தோப்புல வாழைக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் இருந்தது, நிப்புலயும் அதுக்கு அடியில மை இறங்குத கட்டையிலயும் அதை ஊற வச்சுக் காயப்போட்டேன். ஆத்திரத்துல செஞ்சான்னு எழுதிராதீங்க. ரொம்பப் பதனமாத்தான் செஞ்சேன்.

காலையில பூசை முடிஞ்சு வந்தா. பேனாவைப் பாத்ததும் முகம் அப்படி மலந்துட்டு. நாக்குல வச்சா. "கசக்குதுண்ணே"ன்னா.

"புது நிப்புல்லா, எண்ணெய் இருக்கும். நல்லாத் துடைச்சிரு"ன்னேன். நம்பி இன்னொரு தடவை வச்சா. அப்புறம் மையில முக்கிப் பிள்ளையார் சுழி போட்டா, கீழ என் பேரை எழுதினா. புதுசா எந்தப் பேனா வந்தாலும் அவ முதல்ல எழுதுதது என் பேரைத்தான், சின்னதுல இருந்தே. பேரை முழுசா முடிக்கல, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டா. ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கலாம், தெருமுனையில நின்னுச்சு. கூப்பிடல. தலையை மடியில வச்சுக்கிட்டேன். அவ என் கையைத்தான் பிடிச்சிருந்தா.

அவ செத்ததுக்குத் துட்டி கேக்க ஸ்னேகா வந்திருந்தா. அழுதுக்கிட்டே சொல்லுதா, "போன வாரமே நீலாம்பாள் அம்மா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க சார். ஜோஷுவா சார் வரைஞ்சது, உங்க அப்பா கடைஞ்சதுன்னு ரெண்டு பேரையும் போடச் சொன்னாங்க. அந்தக் கல்லுக் கதையையும் விட்டுராதீங்க, அண்ணன் ஆசையா சொல்றாருன்னு சொன்னாங்க."

அவளைக் கொன்னே இருக்க வேண்டாம். கொன்னும் ஒண்ணும் ஆகல.

புஸ்தகம் இனி வரத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஆனா இந்த வாக்குமூலம் சர்க்கார் தாள்ல இருக்கும்லா? அதான் கேக்குமுன்ன சொல்லுதேன். தங்கச்சி நீலாம்பாளைக் கொன்னது நான். பொருநையோட வடிவம் எங்க அப்பாவோடது. ரெண்டையும் சேத்தே எழுதுங்க, ஒண்ணை ஒத்துக்கிட்டவன் இன்னொண்ணுல பொய் சொல்ல மாட்டான்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும்.

என்ன சார், எழுதுததை நிறுத்திட்டீங்க? ஒவ்வொரு தடவையும் கடைஞ்சு எடுத்ததுல முதல் பேனாவை அப்பா ஜோஷுவா சார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்துக் கும்பிட்டுட்டு வருவாரு, அதை ஊர்ல யாரும் சொல்லிட்டாங்களா? அது சிநேகிதம். வடிவம் என்னோடதுன்னு அப்பா யார்ட்டயும் ஒரு நாளும் சொன்னதில்லை, எங்கிட்டகூட. அவ்வளவு அடக்கம் சார் அவருக்கு.