மரப்பு விடுறதுக்குள்ள

…நானா சொல்லியிருப்பேன்? நீங்களே சொல்லுங்க, மிஸ்டர் பென்ரோஸ். இல்ல இல்ல, சொல்லாதீங்க! வாயை மூடிடாதீங்க, உள்ள பஞ்சு இருக்கு. நல்லா தொறங்க… இன்னும் கொஞ்சம்… ஆங், அப்படித்தான். மரத்துப் போச்சா? உதட்டைக் கிள்ளுறேன், தெரியுதா? தெரியலையா? நல்லது. ஆரம்பிச்சிடலாம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங். என்னைப் பாத்தா போட்டுக் குடுக்குற ஆள் மாதிரியா இருக்கு? இருபது வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல பல் டாக்டரா இருக்கேன். யார் யாருக்கு வாயில இருக்கறது சொந்தப் பல்லு, யாருக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டிருப்பேனா? நம்ம டவுன் மேயர் பளபளன்னு சிரிக்கிறாரே, அதுல மேல் வரிசை மொத்தமும்… சரி விடுங்க, அது வேற கதை. விஷயம் என்னன்னா, அந்த குவென்டா என் மேல சந்தேகப்படுறா. என் மேல!

குவென்டாவை உங்களுக்குத் தெரியாதில்ல. போன மாசம்தானே இந்த ஊருக்கு வந்தீங்க. கார் ஓட்டக் கத்துக்குடுக்குறவ. சின்ன மஞ்சக் காரு, ரவுண்டானாவுல நடுவுல நின்னுக்கிட்டு எல்லாரையும் ஹாரன் அடிக்க வைக்குமே, அதுல பக்கத்து சீட்ல நிம்மதியா உக்காந்திருப்பா பாருங்க, அவதான். பகல்ல அது பொழப்பு. பௌர்ணமி ராத்திரியும் செவ்வாய்க்கெழமை ராத்திரியும் எங்க விக்கா வட்டத்துக்குப் பூசாரியம்மா.

ஆமா, விக்கா. சூனியக்காரிங்கன்னு ஊர்ல சொல்றாங்களே, அதே நாங்கதான். ஏன் கண்ணு இப்படிப் பெருசாகுது? வலிக்குதா? இல்லையா? அப்ப சரி. யாரையும் தவளையாக்க மாட்டோம், பயப்படாதீங்க. நிலாவைக் கும்பிடுறோம், தேவியைக் கும்பிடுறோம், மழை வந்தா குவென்டா வீட்டு கண்ணாடி ரூமுக்குள்ள ஓடிடுறோம். இங்கிலாந்துல, அதுவும் இந்த சோமர்செட்ல, வேற என்னத்தப் பண்றது? இதுல துணியில்லாம ஆடுறோம்னு ஒரு வதந்தி வேற! அக்டோபர் மாசம், ஆப்பிள் தோட்டத்துல, துணியில்லாம! ஏங்க, நான் உள்ள கம்பளி பனியன், அது மேல அங்கி, அது மேல மழைக்கோட்டு, காலுக்கு ரப்பர் பூட்ஸு. தேவி என்னை அடையாளம் கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு.

டெல்லா, எச்சி உறிஞ்சுற குழாயை ஏன் இவ்ளோ சத்தமா வைக்கிற? அவர் வாயில எச்சியே இல்லையே. கொஞ்சம் கொறை. நான் பேசுறது அவருக்குக் கேக்க வேணாமா?

இவ என் நர்ஸு, டெல்லா. ஞாயித்துக்கெழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. நான் தேவி பேச்சை எடுத்தாலே குழாயைத் திருகிடுவா. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க… சொத்தை ஆழமாத்தான் போயிருக்கு. இனிப்பு ரொம்பப் புடிக்குமோ? புடிக்கும்னு பல்லே சொல்லுதே.

நீங்க நெனைப்பீங்க, படிச்ச பொம்பளை, டாக்டர், இவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. நானா தேடிப் போகலீங்க. கிளாஸ்டன்பரியில ஈறு நோய் பத்தி ரெண்டு நாள் கூட்டம். அந்த வருஷம்தான் ரூபர்ட் என்னை விட்டுட்டுப் போயிருந்தான். என் வீட்டுக்காரன். போறப்ப என்ன சொன்னான் தெரியுமா? "இந்த வீட்ல எனக்குன்னு ஒரு வாக்கியம் முழுசா கெடைச்சதில்ல, இமோஜென்"னு. அதைக்கூட நான் முழுசா சொல்ல விடலைன்னு வைங்க. அது கெடக்கட்டும். கூட்டம் முடிஞ்சு வெளிய வர்றேன், கொட்டோ கொட்டுன்னு மழை. குடை இல்ல. ஒதுங்க எடம் பாத்து ஒரு மாடிப்படி ஏறுனேன். பாத்தா, கோயில். தேவி கோயில்.

பிரம்பால முடைஞ்ச பெரிய தேவி, ஆளுயரம். மெழுகுவர்த்தி. யாரோ ஒரு பொம்பளை வந்து தோள்ல போர்வையைப் போட்டா. "சும்மா உக்காருங்க, ஒண்ணும் பண்ண வேணாம்"னா. அவ்ளோதான். மிஸ்டர் பென்ரோஸ், என் மூஞ்சியைப் பாக்குற அத்தனை பேரும் பயந்துக்கிட்டேதான் பாப்பாங்க. நீங்களும் இப்ப அப்படித்தான் பாக்குறீங்க. உங்க தப்பு இல்ல, என் கையில இருக்கறது அப்படி. நான் ஏன் இப்படி ஓயாம பேசுறேன்னு நெனைக்கிறீங்க? நான் நிறுத்துனா உங்களுக்கு இந்த மெஷின் சத்தம் கேக்கும். அதுக்காகப் பேச ஆரம்பிச்சது, அப்புறம் நிறுத்தவே தெரியல. ஆனா அங்க, அந்த தேவி முன்னாடி, எனக்குப் பேசவே தோணல. யாருக்கும் என்னைப் பாத்துப் பயமும் இல்ல. உக்காந்து அழுதேன். ஈறு நோய் கூட்டத்துல குடுத்த பையை மடியில வெச்சுக்கிட்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் குவென்டாகிட்ட போய் நின்னேன். தீட்சை வேணும்னு. தீட்சைன்னா சும்மா கெடைக்காதுங்க! ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருக்கணும். அது எங்க மொறை. நான் காத்திருந்தேன். மூலிகை படிச்சேன். நிலாக் கணக்கு படிச்சேன். பூசைக் கத்தியால கேக்கு வெட்டிட்டேன்னு ஒரு தடவை ஏச்சு வாங்கினேன். அந்தக் கருப்புப் புடி கத்தி காத்துல வட்டம் போடத்தான், எதையும் வெட்டக் கூடாதாம். எனக்கென்ன தெரியும், என் கைக்குக் கூரா எது கெடைச்சாலும் அது வேலை செய்யும். அதையும் பொறுத்துக்கிட்டு இன்னைக்கு ராத்திரி தீட்சை. இன்னைக்கு! இன்னைக்குப் பாத்து மத்தியானம் ஃபோன் பண்றா குவென்டா. "இமோஜென், யோசிச்சுதான் சொல்லணும்"ங்கறா.

என்ன யோசனை? பேரு வெளிய போகுதாம்! எங்க வட்டத்துல முதல் சட்டமே அதான். வட்டத்துல யார் இருக்காங்கன்னு வெளிய சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது. வேலை போயிடும், வீட்ல சண்டை வந்துடும், அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு. இப்ப பாருங்க, நம்ம ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் ஊர்ஸுலா. பாவம், வாயில்லாப் பூச்சி. ஸ்கூல் வாசல்ல ஒருத்தி வந்து, "எம் பையன் கணக்குல வீக்கு, ஏதாச்சும் மந்திரம் போடுங்களேன்"னு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கா. ஊர்ஸுலா வீட்டுக்கு வந்து அழுதிருக்கா. அதுக்கு அடுத்த வாரம் கம்பளி நூல் கடை மேவிஸ். கடைக் கதவுல எவனோ சாக்பீஸால, சூனியக்காரி ஏறிப் பறப்பாளாமே, அந்தத் தொடப்பக்கட்டையை வரைஞ்சு வெச்சிருக்கான். எனக்கு வந்துச்சே கோபம்!

அந்தக் கோபத்துல நான்தான் யோசனையே சொன்னேன். "நாக்குக் கட்டு கட்டுவோம், குவென்டா"ன்னேன். சிவப்பு நூல்ல முடிச்சு போடுறது. எந்த நாக்கு எங்க ஆளுங்க பேரைச் சொல்லுச்சோ, அந்த நாக்கு கட்டுப்படட்டும்னு. குவென்டா யோசிச்சா. "நாம எதை அனுப்புறோமோ அது மூணு மடங்கா திரும்பி வரும், பாத்து"ன்னா. "வரட்டுமே, யார் சொன்னாங்களோ அவங்களுக்கு மூணு மடங்கா வரட்டும்"னு நான் குதிச்சேன். நூலும் நான்தான் வாங்கி வெச்சிருக்கேன், பாருங்க, பையில. நல்ல கெட்டி நூலு. மேவிஸ் கடையிலதான் வாங்குனேன். முதல் முடிச்சு என் கையால போடுறதுன்னு பேச்சு. அப்படிப்பட்ட என்னைப் போய்…

கொஞ்சம் கடிங்க. மெதுவா. அடைச்சது ஒசரமா இருக்கா? தட்டுப்படுதா? தலையை ஆட்டுங்க, போதும். சரி, தேச்சிடுறேன்.

இதாவது பரவால்லீங்க. ஊர்ஸுலாவுக்கும் மேவிஸுக்கும் மானம்தான் போச்சு. நான் பயப்படுறதெல்லாம் இன்னொரு ஆளுக்காக. அது மட்டும் வெளிய வந்துச்சு, அவ்ளோதான், ஒரு குடும்பமே நாறிடும். பாதிரியார் பொண்டாட்டி எங்க வட்டத்துல இருக்கறது அந்த மனுஷனுக்கே தெரியாதே! செவ்வாய்க்கெழமை சர்ச்ல கோரஸ் பாட்டு பழகப் போறேன்னு சொல்லிட்டு எங்ககிட்ட வர்றா, பாவம், கருப்பு அங்கியை லெமன் கேக்கு டப்பாவுல மறைச்சு… டெல்லா! குழாய் சத்தத்தைக் கொறைன்னு சொன்னேனா இல்லையா? என்னத்துக்கு இப்ப இருமுற? தொண்டை வலியா?

ஆச்சு, மிஸ்டர் பென்ரோஸ், முடிஞ்சுது. கொப்புளிங்க. அந்தக் கப்புல. ஒழுகத்தான் செய்யும், உதடு மரத்திருக்கில்ல. தொடைச்சுக்குங்க. இப்ப கவனமா கேளுங்க. சூடா டீ குடிக்காதீங்க. கன்னத்தைக் கடிச்சுக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துல மரப்பு விட்டுடும். அதுக்கப்புறம் எப்பவும் போல சாப்பிடலாம், பேசலாம், யார்கிட்ட வேணா என்ன வேணா தாராளமா பே…

…

டெல்லா.

டெல்லா, இவருக்கு மரப்பு விட்டுடும்.

எல்லாருக்கும் விட்டுடும்ல?

அய்யய்யோ. இரு இரு, இருங்க மிஸ்டர் பென்ரோஸ், எந்திரிக்காதீங்க. அந்த வாரம்… ஊர்ஸுலா விஷயம் வந்த வாரம் யாரு இந்த நாற்காலியில? அந்த முடிவெட்டுற பொம்பளைதானே? கடவாப் பல்லு! அவ வாயில அச்சு எடுக்குற மாவை அப்பிட்டு நான் பேசிட்டே… ஊர்ஸுலா எவ்ளோ அழகா மந்திரம் சொல்றான்னு… அய்யோ. அப்புறம் மேவிஸுக்கு? மேவிஸுக்கு யாரு? சாராயக்கடை ஆலிவர்! ரெண்டு பல்லு புடுங்குனேனே. அவன் "ஆ ஆ"ன்னான். நான் அவனுக்குப் புரியுதுன்னு சந்தோஷப்பட்டேன்.

டெல்லா, உனக்குத் தெரியுமா? தெரியும்! அதுக்குத்தான் குழாயை… ஏண்டி, வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே! சொன்னியா? நான் எப்ப உன்னைப் பேச விட்டேங்கறியா? …அதுவும் சரிதான்.

வாய் தொறந்திருந்தா அது கேக்குறதுக்குன்னு நெனைச்சுட்டேன், மிஸ்டர் பென்ரோஸ். வாய் தொறந்திருக்கறவங்ககிட்ட சொல்றது சொல்றதே இல்லைன்னு மனசுல எனக்கே தெரியாம ஒரு கணக்கு. எங்க கிளம்பிட்டீங்க? கோட்டைக் கீழ வைங்க. ஒரே ஒரு கேள்வி. நீங்க நல்லவர், உங்க ஈறைப் பாத்தாலே தெரியுது. பாதிரியார் பொண்டாட்டி விஷயம்… உங்களுக்கு அவங்களைத் தெரியவே தெரியாதில்ல? நீங்க புதுசுதானே? என்ன வேலை பாக்குறீங்கன்னு கேக்கவே இல்லையே நான். என்ன? டெல்லா, என்ன சொல்றார்? விரலை ஏன் இப்படி ஆட்டுறார்? பியானோவா?

ஆர்கனா. சர்ச்ல.

நம்ம சர்ச்லயா?

…செவ்வாய்க்கெழமை கோரஸுக்கு ஆர்கன் வாசிக்கிறதே இவர்தானா?

மிஸ்டர் பென்ரோஸ்! நில்லுங்க! அந்தத் துண்டு கழுத்துலயே இருக்கு! மிஸ்டர் பென்… போயிட்டாரா? போயிட்டார். என்னா வேகம். டெல்லா, எவ்ளோ மருந்து போட்டோம்? ஒரு குப்பியா? ரெண்டு போட்டிருக்கலாம். மூணு போட்டிருக்கலாம்.

ஃபோனைக் குடு.

…குவென்டா? இமோஜென் பேசுறேன். காரை ஓரமா நிறுத்தச் சொல்லு, நீ நிதானமா கேக்கணும். யாரு பேரையெல்லாம் வெளிய விட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. …நான்தான். …ஆமா, நான். நாற்காலியில உக்காந்தவங்ககிட்ட. …இல்ல, வேணும்னு இல்ல. ஊர்ஸுலா, மேவிஸ், இப்ப… இப்ப பாதிரியார் வீடும். இன்னும் வெளிய வரல. வந்துடும். …திட்டேன், குவென்டா. ஏன் திட்ட மாட்டேங்குற? …தெரியும். இன்னைக்கு தீட்சை கெடையாது. அதை நானே சொல்லத்தான் கூப்பிட்டேன். …முதல்லேருந்தா? ஒரு வருஷமும் ஒரு நாளும், மறுபடியுமா? …சரி. இல்ல, அழல. மூக்கு அடைச்சிருக்கு. …நூலா? இருக்கு, பையில. …என் மணிக்கட்டுலயே கட்டிக்கணுமா? முடிச்சும் நானே போட்டா? …சரி. என் நாக்குக்குத்தானே, நானே போடுறேன். …மறுபடி வந்தா சேத்துக்குவியா? நெஜமாவா? …சரி. சரி, குவென்டா.

டெல்லா, இந்த நூலைப் புடி. ஒரு கையால முடிச்சு போட வரல. இறுக்கு. இன்னும் இறுக்கு. ஒனக்கு இதுல சந்தோஷம்தான், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. என் கோட்டு எங்க? பாதிரியார் வீட்டுக்குப் போறேன். அந்தம்மா காதுல நானே போய்ப் போடணும், பென்ரோஸுக்கு மரப்பு விடுறதுக்குள்ள. அவளே புருஷன்கிட்ட சொல்லிக்கட்டும், எவனோ சொல்லித் தெரிய வேணாம். என்னைக் கன்னத்துல அறைஞ்சாலும் வாங்கிக்கறேன். அடுத்தவங்களைக் கொஞ்சம் உக்காரச் சொல்லு.

ஆ, மிஸஸ் ஆட்கின்ஸ்! வெளியதான் உக்காந்திருக்கீங்களா? மன்னிச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல வந்துடுறேன். …என்ன? எங்க ஓடுறேனா? அது என்னன்னா மிஸஸ் ஆட்கின்ஸ், நம்ம பாதி…

…

பல்லு விஷயமா போறேங்க.