நடு ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு டி.வி. நல்ல டி.வி. அதன்மீது நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அதோடு இணைத்திருக்கும் சின்னப் பெட்டியும் நல்லதுதான். படம், செய்தி, பட்டிமன்றம் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். நடந்ததற்கு அவை இரண்டும் பொறுப்பில்லை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் பெயர் சிவசங்கரன். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. நானும் மனைவி மதுமதியும்தான். போன வருஷம் தை மாதம் அவளுடைய அண்ணன் ஞானசம்பந்தன் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க வந்தார். பத்து நாள் என்று வந்தவர், வலி போன பிறகும் இருந்தார். மனைவியை இழந்தவர், தங்கமான மனிதர். ஒரே ஒரு பழக்கம், படம் ஓடும்போது பேசுவார். "இவன்தான் கொன்னுருப்பான், பாருங்க மாப்பிள்ளை" என்பார். பெரும்பாலும் அவன்தான் கொன்றிருப்பான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெட்டியின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ என்று இருந்ததைச் சரவுண்ட் என்று மாற்றிப் பார்த்தேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. சரவுண்ட் என்று போட்டால், வீட்டில் ஆறு ஸ்பீக்கர் இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். இசையை இரண்டு பக்கமும் அனுப்பும். ஆட்கள் பேசுவதை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். எங்களிடம் நடு ஸ்பீக்கர் கிடையாது. ஆகவே மழை கேட்டது. செருப்புச் சத்தம் கேட்டது. கதாநாயகன் வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றுமில்லை.

ஞானசம்பந்தன் பேச்சை நிறுத்தினார். காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். "மாப்பிள்ளை, அவன் என்ன சொல்லுதான்?"

பழையபடி மாற்றத்தான் ரிமோட்டை எடுத்தேன். ஆனால் அந்தக் கூடத்தில் அப்படியோர் அமைதியை நான் மூன்று மாதமாகப் பார்த்ததில்லை.

"தங்கச்சி கல்யாணத்தைப் பத்திச் சொல்லுதான்" என்றேன். "ஏன் அத்தான், உங்களுக்குக் கேக்கலையா?"

மதுமதி என்னைப் பார்த்தாள். திரையில் ஒருவன் இலையில் வழுக்கி விழுந்து ஏதோ சொன்னான். நான் சிரித்தேன். கொஞ்சம் தாமதித்து அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலம் அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் கேக்கலைங்க. எங்க அம்மைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவர்களுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் காது கேட்காது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. அதை நினைவுபடுத்தியது அவள்தான், நானில்லை.

காது டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். இருவருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதைத்தான் ரிப்போர்ட்டிலும் எழுதினார். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். "இப்போதைக்கு ஒண்ணுமில்லையாம். பையப் பையத்தான் போகுமாம்." ஞானசம்பந்தன் தலையாட்டிக்கொண்டார். கிட்டத்தில் நின்று பேசினால் எல்லாம் கேட்கிறதே என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது நியாயமான சந்தேகம். அதனால் அதன் பிறகு சாப்பிடும்போது சில நாள் நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். இருவரும் சோற்றில் கை வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மதுமதி ஒருமுறை அழுதாள்.

இதில் எனக்கு ஒரு லாபமும் கிடைக்கவில்லை. காது போகிறது என்று முடிவானதும் அண்ணனும் தங்கையும் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். "உப்பு போதுமா?" என்று அவள் கேட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

ஞானசம்பந்தனுக்கு ஆவணியில் மறுமணம் நிச்சயமாகியிருந்தது. பெண் சித்ரலேகா, ராதாபுரத்தில் பள்ளி ஆசிரியை, ஐம்பத்து மூன்று வயது. ஞானசம்பந்தன் போனில் அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "செவிட்டுப் பயலக் கட்டிக்கிட்டு நீங்க ஏன் சீரழியணும்?" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்த அம்மா வெகுநேரம் அழுதுகொண்டே பேசினார். இவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

டாக்டர் காது மெஷின் எழுதித்தர மறுத்ததால், ஆன்லைனில் ஒன்று நானே வரவழைத்துக் கொடுத்தேன். வெறுமனே சத்தத்தைப் பெருக்கும் கருவி. ஞானசம்பந்தன் அதை இடது காதில் மாட்டி, முழுசாகக் கூட்டி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அந்த டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். மழையும் இடியும் நன்றாகக் கேட்கிறது என்றார்.

போன வெள்ளிக்கிழமை சித்ரலேகா பஸ் ஏறி வந்துவிட்டார். செவிடானாலும் பரவாயில்லை, நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றார். காப்பி குடித்தபடி ஐந்து நிமிஷம் டி.வி. பார்த்தார்.

"இதுல பேச்சே வரலையே. எங்க ஸ்கூல் டி.வி.யிலயும் இப்படித்தான் ஆச்சு" என்று சொல்லி, ரிமோட்டை வாங்கி இரண்டு பொத்தானை அழுத்தினார்.

கூடம் முழுக்க மனிதர்கள் பேசினார்கள். ஞானசம்பந்தன் அலறி, மெஷினைப் பிடுங்கி எறிந்தார்.

மதுமதி கீழே கிடந்த மெஷினை எடுத்தாள். பிறகு கத்தாமல் கேட்டாள். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க கேட்டுது?"

எனக்கும் கேட்கவில்லை என்றேன். அதுதான் உண்மை. ஒரு வருஷமாக ஒரு வசனம்கூடக் கேட்காமல், வாயசைப்பைப் பார்த்தே இடம் தெரிந்து சிரித்திருக்கிறேன். அவர்களுடைய கஷ்டத்தில் நானும் சரிபாதி பட்டேன். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றே மூன்று பேரும் ராதாபுரத்துக்குக் கிளம்பிப்போனார்கள்.

புகாரோடு டாக்டர் கொடுத்த புது ரிப்போர்ட்டையும் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். வாசித்தேன். ஞானசம்பந்தனுக்கு இடது காது இப்போது நிஜமாகவே கேட்பதில்லை, இனித் திரும்பாது என்று போட்டிருக்கிறது. நான் செய்தது எதையும் மறுக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவருக்குக் காது போகிறது என்பதை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார்.