பென்ஷன்காரரைப் பராமரிக்கும் முறை

கஞ்சி நன்றாகவே இருந்தது, ஏமான். பயறு மட்டும் கொஞ்சம் வேகவில்லை. ஸ்டேஷனில் அடித்துத்தான் கேட்பார்கள் என்று வெளியே சொல்கிறார்கள். நீங்கள் உட்காரச் சொல்லி, வெற்றிலையும் தந்து கேட்கிறீர்கள். மரியாதைக்கு மரியாதையாக நானும் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ரைட்டர் நிதானமாக எழுதட்டும்.

என் பெயர் ரசலையன். பென்ஷன் ரசலையன் என்றால்தான் ஊரில் தெரியும். எனக்கென்று பென்ஷன் கிடையாது. எந்த இலாகாவிலும் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் ரிட்டயரான வாத்தியார்களும் அஞ்சல்காரர்களும் யோசனை கேட்டு என்னிடம்தான் வருவார்கள். ஆயுள் முழுக்க சர்க்காருக்கு உழைத்துவிட்டு, ரிட்டயரான மறுவருஷமே ஈரத் தலையோடு காற்றில் நின்று காய்ச்சலில் போய்விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். கொடுக்க சர்க்கார் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. பென்ஷன்காரரைக் கறவைப் பசுவைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். கர்க்கடக மழை மாதத்தில் எண்ணெய் தேய்ப்பு, ராத்திரி சுக்குக் கஞ்சி. மனசு வருந்தும் செய்தி எதுவும் அவர் காதில் விழக் கூடாது. என் யோசனையால் பல கிழவர்களுக்கு ஆயுள் கூடியிருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி என் மாமனார் ஞானாபரணம். மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்தவர். பேச்சிப்பாறையில் அணை கட்டும்போது கல் விழுந்து இடது கைச் சுண்டுவிரல் போயிற்று. அவருடைய ஒரே மகளைத்தான் நான் கட்டினேன். நேசம்மாள் காய்ச்சலில் இறந்த பிறகும் அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. தென்னந்தோப்புக்கு நடுவில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குளச்சலிலிருந்து நல்ல மீன் வந்தால் நடுத்துண்டை என் தட்டில்தான் வைப்பார். எனக்கு அவர்மேல் உயிர், ஏமான்.

எல்லாம் கெட்டது ஒரு கன்வென்ஷனால். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு பந்தல் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்தினார்கள். எங்கள் சபைகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. மனந்திரும்பினவர்கள், முன்னே அநியாயமாக எடுத்ததையெல்லாம் தேடிப்போய்த் திருப்பிக் கொடுப்பார்கள். ஒருவர் பக்கத்துத் தோப்பில் பறித்த தேங்காய்க்குப் பதில் தேங்காய் சுமந்துகொண்டு போனார். அதுவரைக்கும் சரி. மாமா வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“மக்கா, வேலைக்குச் சேரும்போ வயசக் கொறச்சுல்லா சொன்னேன். அந்தக் கள்ள வருசத்துக்கும் சேத்துல்லா பென்சன் வாங்குதேன். இந்த மஸ்டருக்குப் போவும்போ ஆபீசர்கிட்ட உள்ளதச் சொல்லிப்போடுவேன்.”

“மாமா, வயசக் கொறைக்காம இந்த ஜில்லாவுல யாரு வேலைக்குச் சேந்தா?” என்றேன்.

“மத்தவனுக்கு அவன் கணக்கு. எனக்கு எனக்க கணக்கு,” என்றார்.

பென்ஷன்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை கஜானாவில் நேரில் நின்று, உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அதுதான் மஸ்டர். அங்கே போய் இவர் வாயைத் திறந்தால் பென்ஷன் நிற்கும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள், தோப்பும் போகும். நான் எங்கே போவேன்? அவரும்தான் எங்கே போவார்? அவரை அவரிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருந்தது. நெல் சேர்த்து வைக்கும் பத்தாயப்புரை அப்போது காலி. அங்கே பாய் விரித்து, தண்ணீர் வைத்து, அவருடைய வேதபுத்தகத்தையும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். சபையில் கேட்டவர்களிடம் பேச்சிப்பாறையில் பழைய சிநேகிதர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். தோப்பு பெரிது, அவர் உள்ளே கீர்த்தனை பாடும் சத்தம் ரோடு வரை வராது.

மஸ்டருக்கு ஒரு ஆள் வேண்டுமே. மணவாளக்குறிச்சியில் மணல் சுமந்து முதுகு வளைந்து, யாருமில்லாமல் சந்தையில் படுத்துக் கிடந்தவர் இசக்கி. மாமாவின் வயது, மாமாவின் நிறம். கூட்டி வந்தேன். குளிப்பாட்டி, வேட்டி கொடுத்து, நெய் ஊற்றிச் சோறு போட்டேன். பத்தாயப்புரையில் பாடுகிறவர் யார் என்று கேட்டார். புத்தி பேதலித்த உறவுக்காரர் என்றேன். கஜானாவில் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், ஏமான். முகம் வருஷத்துக்கு வருஷம் மாறும். அங்க அடையாளத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு குறை இசக்கியிடம் இருந்தது. சாராயம் கொடுத்து, வெட்டுக்கத்தியை நன்றாகத் தீட்டி, அதை ஒரு சனிக்கிழமை சரிசெய்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் நானே வைத்துக் கட்டினேன். சொந்த மகன்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டான். புண் ஆறினதும் மஸ்டருக்குப் போனோம். ஆபீசர் கையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்புறம்தான் யோசித்தேன். வருவது ஒருவர் பென்ஷன். சாப்பிடுகிற பென்ஷன்காரர்கள் இரண்டு பேர். இதை எந்தக் குடும்பத்திலும் நான் ஒத்துக்கொண்டதில்லை. இரண்டு பேருக்கும் அரைவயிறாகப் போட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். யாரால் மஸ்டருக்கு நிற்க முடியுமோ அவரைப் பேணுவதுதான் முறை. மாமாவும் அந்தச் சமயம் உபவாச ஜெபத்தில் ரொம்ப ஈடுபாடாக இருந்தார். நான் தட்டு வைப்பதை நிறுத்தினேன். ஜன்னல் வழியாக இசக்கி கஞ்சி நீட்டுவதைக் கண்டு, ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். அவரவர் விசுவாசத்தில் நான் குறுக்கே போவதில்லை. கடைசியில் அந்த அறைத் தரையிலேயே குழி தோண்டி, ஒரு சங்கீதம் வாசித்து அடக்கம் செய்தேன்.

அதற்குப் பிறகு இசக்கி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. எண்ணெய் தேய்ப்பும் உண்டு. வெளியே விடமாட்டேன், அவ்வளவுதான். பென்ஷன்காரருக்குக் காற்று ஆகாது. இப்படி இருக்கும்போது இந்த வருஷ மஸ்டரில் ஆபீசர் “ஞானாபரணம்” என்று கூப்பிட, இவர் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார்.

“நான் ஞானாபரணம் இல்ல ஏமானே. எனக்க பேரு இசக்கி. இந்த வெரல இவன் வெட்டுனதாக்கும். ஞானாபரணத்தப் பட்டினி போட்டுக் கொன்னு, பத்தாயப்புரைல பொதச்சுப் போட்டான்.”

அந்த மனுஷனுக்கு என்ன குறை வைத்தேன் என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை. சந்தையில் கிடந்திருந்தால் போன மழைக்கே செத்திருப்பார். நன்றி கெட்ட உலகம் என்று நினைத்துக்கொண்டேன், கோபம் இல்லை.

கொன்றாயா என்று நேரடியாகக் கேட்கிறீர்கள். கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் எனக்குத் தர்க்கம் இல்லை. என் தர்க்கம் வேறொரு இடத்தில். மாமா கும்ப மாத நடுவிலேயே இறந்துவிட்டார், அந்த மாதப் பென்ஷனிலும் பாதி கள்ளப் பணம் என்று கஜானாவில் எழுதியிருக்கிறார்களாம். அது தப்பு, ஏமான். நான் தினமும் சாயங்காலம் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். அடுத்த மீன மாதம் பிறக்கிறவரை உள்ளிருந்து பலகையைப் பிறாண்டும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆகவே கும்ப மாதப் பென்ஷன் முழுதும் அவருக்கு உரியது. சர்க்கார் பணத்தில் ஒரு சக்கரக் காசுகூட அநியாயமாக எடுக்கிற ஆள் இல்லை நான்.