மறைவுத் தேதி

போட்டோ எடுக்கும்போது நான் சிரிப்பதில்லை. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அருணாசலம் என் படங்களை வரிசையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, "ஏனுங்கய்யா, அறுபது வருசத்துல ஒருக்காக்கூடப் பல்லு தெரியலீங்களே. பல்லு இருக்குதுங்களா?" என்று கேட்டான். காளப்பநாயக்கன்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் தொழில் சுத்தம். அவன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, இன்ஸ்பெக்டர். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் முன்பின் தெரியாமல் படிப்பவர்கள் என்னைத் தப்பாக நினைப்பார்கள்.

என் பெயர் பழனிமுத்து. அடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தத் தோட்டம் இருக்கிறது. ஊரில் வரப்புத் தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்ன இடத்தில் கல் நட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் அப்பா பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. நானும் அப்படியே இருந்துவிட்டேன். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

இந்த ஆவணியில் எனக்கு அறுபது முடிந்தது. மணிவிழாவை மண்டபத்தில் வைத்து, பழைய போட்டோக்களைச் சேர்த்துப் பாட்டுப் போட்டு, பெரிய திரையில் வீடியோவாக ஓட்ட வேண்டும் என்றான் என் மகன் தரணிதரன். இப்போது விசேஷங்களில் அப்படித்தான் செய்கிறார்களாம். முதலில் குடும்பத்தில் இறந்துபோனவர்கள் வருவார்கள். பக்கத்தில் விளக்கு எரியும், படத்துக்கு மாலை விழும், கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். அப்புறம் இருப்பவர்கள். முறையான ஏற்பாடு. எனக்குப் பிடித்திருந்தது.

சிக்கல் இருப்பவர்களில்தான் வந்தது.

என் மகள் ஹேமலதா நான்கு வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போனாள். சேந்தமங்கலத்துக்கு டைப் படிக்கப் போன இடத்தில், சொல்லிக்கொடுத்த ஜோசப் என்பவனோடு. அவன் வேறு சாதி, வேறு மதம். அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. பங்காளிகள் வந்து, செத்துவிட்டாள் என்று தலைமுழுகிவிடு என்றார்கள். ஒருவர் நாவிதரையே கையோடு கூட்டிவந்துவிட்டார். நான் உட்கார மறுத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவளுக்குக் கருமாதி செய்வது பொய்க் காரியம். பொய்க்காக நான் மீசையை எடுக்க மாட்டேன்.

எனவே தேடினேன். கரூர், ஈரோடு, திருப்பூர். ஜோசப்பின் கூட்டாளி ஒருவனைக் கரும்புக் காட்டுக்குள் வைத்து விசாரித்தேன். வலது கையில் மூன்றாவது விரலை உடைத்த பிறகும் தெரியாது என்றே அழுதான். நிஜமாகவே தெரியாதவன் என்று விளங்கியதும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவனும் டைப் அடித்துப் பிழைப்பவன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

வீட்டு ஆல்பத்தில் அவள் பிறந்ததிலிருந்து போகும்வரை எல்லாப் படத்திலும் இருந்தாள். கம்ப்யூட்டரில் ஆளை எடுத்துவிடலாம் என்றான் அருணாசலம். எடுத்தான். பெரும்பாலும் சுத்தமாக வந்தது. டிராக்டர் வாங்கிய அன்று எடுத்த ஒரு படம்தான் தொல்லை கொடுத்தது. நான் நாற்காலியில் இருக்கிறேன், அவள் பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருக்கிறாள்.

"ஆளை எடுத்துட்டனுங்க. கையை எடுத்தா உங்க சட்டையும் சேந்து போயிருதுங்க. யாரும் கவனிக்க மாட்டாங்க, உடுங்கய்யா."

என் தோள்மேல் ஆளில்லாத நான்கு விரல்கள் இருந்தன. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறவளை வெட்டி எடுப்பதும் பொய்தான் என்று அப்போது பட்டது. அவளையும் திரையில் காட்டத்தான் வேண்டும், அதற்குரிய இடத்தில்.

வீட்டுக்குப் போய் என் மனைவி குழந்தையம்மாளிடம் சொன்னேன். "உம்மவ போட்டோவும் திரையில வரட்டும். இப்ப எடுத்ததா ஒண்ணு அனுப்பச் சொல்லு."

சந்தைக்குப் போகும் நாளில், மகள் கூப்பிடுவாள் என்று அவள் டெலிபோன் பூத்தில் நிற்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. தான் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதை மட்டும் மகள் தாயிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு என் புத்தி இருந்தது.

"நெசமாலுமுங்களா?" என்றாள் குழந்தையம்மாள்.

"நான் எப்ப பொய் சொன்னேன்?"

அவள் குனிந்து என் காலைத் தொட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறவர்களைத் தடுக்கக் கூடாது.

பத்து நாளில் கவர் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. படத்தில் ஹேமலதா, அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, பக்கத்தில் அவன். பின்பக்கத்தில், "மோனிஷாவின் அப்புச்சிக்கு" என்று எழுதியிருந்தாள். எழுத்து அழகாக இருந்தது. அந்த எழுத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அதை ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டியில் எழுத்து இருந்தது, படிக்க முடியவில்லை.

"அந்தத் தொட்டியக் கொஞ்சம் பெருசு பண்ணு."

"தொட்டிய எதுக்குங்கய்யா பாக்கறீங்க? பேத்தியப் பாருங்க, உங்க மூக்கு அப்படியே உக்காந்திருக்குது. நல்லவேளை, சிரிப்பு மட்டும் அம்மாவாட்டம்."

பெரிதாக்கினான். எழுத்து ஒவ்வொன்றாகத் தெளிந்தது. ஆலத்தூர் நாடு, அதன் கீழே குக்கிராமத்தின் பெயர். கொல்லிமலைக்கு மேலே. ஜோசப் ஏதோ பரீட்சை எழுதி அரசாங்க குமாஸ்தா ஆகி, ஒரு வருடமாக அங்கே வேலையில் இருந்திருக்கிறான். நான் தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டு பார்க்கும் மலை அது.

அங்கேயே ஒரு தாள் வாங்கி, முன்வரிசையில் வர வேண்டியவர்களின் பெயரையும் தேதிகளையும் என் கையால் எழுதினேன். அப்பா, அம்மா, என் தம்பி. நான்காவதாக மகள். மறைவு 3-9-2004 என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை. மணிவிழா பன்னிரண்டாம் தேதி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எங்கள் வழக்கத்தில் மூன்று நாள்தான் தீட்டு. விழாவுக்கு இடைஞ்சல் வராது. தாளை மடித்துக் கொடுத்து, "இனி விழா அன்னைக்குத்தான் வருவேன். எல்லாம் இதுல இருக்குது" என்றேன். அவன் பிரிக்காமல் கவரில் போட்டு, வாங்கிய தேதியைக் கவர்மேல் எழுதி, ஆணியில் மாட்டினான். அது அவன் வழக்கம் என்று நான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. "இந்த மழையில ஜீப்ப எடுத்துக்கிட்டு எங்கீங்க?" என்றாள் குழந்தையம்மாள். "மேல ஒரு வேலை" என்றேன். மழை விட்டதும் போகலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் தேதி கொடுத்தாயிற்று. கொடுத்த தேதியை நான் மாற்றியதில்லை.

தொட்டிக்கு எதிரில் அவர்கள் வீடு. வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த முறத்தை அப்படியே விட்டுவிட்டாள். அரிசி சிதறியது. "அப்பா" என்றாள். 

"உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கேன் கண்ணு" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லை. நீங்களே பாருங்கள்.

"உள்ள வாங்க மாமா, நனையறீங்க" என்று ஜோசப் துண்டு கொண்டுவந்தான். டீயும் அவனே போட்டு வந்தான். நான் குடிக்கவில்லை. ஒரு வீட்டில் வாய் நனைத்துவிட்டு அந்த வீட்டுக்குக் கெடுதல் செய்வது எங்கள் குடும்பத்தில் கிடையாது. குழந்தையை மழையில் கொண்டுவர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சாமியாத்தாளிடம் விட்டார்கள். என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

குழந்தையிடம் மறுநாளே திரும்ப வேண்டும் என்பதால் பைக்கில் வருகிறோம் என்றார்கள். "முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன்" என்றேன். பின்னாலேயே போனேன்.

அந்த ரோட்டில் எழுபது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அவள் திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தாள். நனைந்த முகத்தில் சிரிப்பு. ஒருமுறை கையைக்கூட ஆட்டினாள். பாதி மலை இறங்கியதும், கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்த வளைவில் நான் பிரேக்கை மிதிக்கவில்லை.

பைக்கோடு அவன் பள்ளத்தில் போனான். மரங்கள் முறியும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அவள் ரோட்டிலேயே விழுந்துவிட்டாள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. நான் ஜீப்பை ஓரமாக நிறுத்தி இறங்கினேன்.

"அப்பா, அவரைப் பாருங்கப்பா. அவரு கீழ போயிட்டாரு" என்றாள். பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். நான் குனிந்ததும், எழுந்திருப்பதற்காக என் தோளில் கை வைத்தாள். படத்தில் வைத்திருந்த அதே தோள்.

இடிந்த சுவரின் கல் பக்கத்தில் கிடந்தது. இரண்டு கைக்கும் நிறைவான கல். முதல் அடிக்கு அவள் கண்ணை மூடவில்லை. இரண்டாவதில் பல் உடைந்தது. மூன்றாவதுக்குப் பிறகு தேவைப்படவில்லை, ஆனாலும் இன்னும் இரண்டு அடி அடித்தேன். எந்தக் காரியத்தையும் பாதியில் விடக் கூடாது. தோளிலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு அவளையும் அவன் போன வழியே உருட்டிவிட்டேன். ரத்தத்தை மழை பார்த்துக்கொண்டது.

மறுநாள் கண்டெடுத்தார்கள். மழையில் வண்டி சறுக்கிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை. குழந்தையம்மாள் மலைக்குப் போய் மோனிஷாவைத் தூக்கிவந்தாள். நான்காம் நாள் தீட்டுக் கழித்தோம். விழாவைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று என்றேன்.

பன்னிரண்டாம் தேதி வீடியோ ஓடியது. அப்பா வந்தார், அம்மா வந்தாள், தம்பி வந்தான். அப்புறம் ஹேமலதா. பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் அவள் மட்டும், மாலையோடு, விளக்கோடு. மண்டபமே அழுதது. ஓடிப்போனவளை மன்னித்து முன்வரிசையில் வைத்தாரே, இதல்லவா மனுசன் என்று சம்பந்தி வீட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தையம்மாள் மடியிலிருந்த மோனிஷா திரையைக் காட்டி, "அம்மா" என்றாள். எனக்குத் தலை நிமிர்ந்தது. நான்கு வருடமாக எங்கள் குடும்பத்தைப் பற்றி வளைத்து வளைத்துப் பேசியவர்கள் முன்னால் எல்லாம் நேராகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையம்மாள் சொன்னாள், "அவ பொறந்த தேதி தப்பா வந்திருச்சுங்க. பன்னெண்டு இல்லீங்க, இருவத்தொண்ணு. பெத்த எனக்குத் தெரியாதா? நாளைக்குப் போயி மாத்தச் சொல்லிட்டு வாரேன்."

போனாள். தட்டச்சில் பிழையா என்று பார்க்க அருணாசலம் ஆணியிலிருந்து கவரை எடுத்திருக்கிறான். கவர்மேல் முப்பத்தொன்று, எட்டு. உள்ளே என் கையெழுத்தில் மூன்று, ஒன்பது. அவன் இரண்டையும் அவளிடமே நீட்டினானாம். அவளும் எட்டாவதுவரை படித்தவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வராமல் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறைத்திருக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், நான்தான். இருவரையும். மகனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த சி.டி.யைக் கோர்ட்டில் ஓட்டப் போவதாகச் சொன்னீர்கள். அதற்குமுன் அருணாசலத்திடம் ஒன்று சொல்லுங்கள். சபையில் தப்பான தகவல் வரக் கூடாது. தோற்றம் என்ற இடத்தில் பன்னிரண்டை எடுத்துவிட்டு இருபத்தொன்று என்று திருத்தட்டும். மகள் பிறந்த நாள் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. மறைவுத் தேதியில் பிழை கிடையாது.